நிலவின் மேடுகளுக்கு எண் போதாது

“பெயர் என்பது ஒட்டிவைத்த சீட்டு. நிலவில் இருக்கும் ஒரு மேட்டை டோர்சா லிஸ்டர் என்று அழைத்தாலும் பதினேழாம் எண் என்று அழைத்தாலும் மேடு மாறப்போவதில்லை. அட்சரேகையும் தீர்க்கரேகையும் கையில் இருக்கும்போது பெயர் எதற்கு?” வானியல் ஆர்வலர்கள் கூடும் இடங்களிலும், அறிவியல் எழுதுகிறவர்கள் நடுவிலும், தரவுகளோடு நாள்முழுக்க மல்லுக்கட்டும் ஆய்வாளர்களிடமும் இந்தக் கருத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். யாரும் மறுக்காததாலேயே இது உண்மைபோல் ஆகிவிட்டது. இதை நான் ஏற்கவில்லை. நிலவின் பள்ளங்களைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்கு ஓரளவு இடமுண்டு. மேடுகளைப் பொறுத்தவரை ஒரு முழம்கூட இடமில்லை.

எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். பெயர் சூட்டும் வழக்கம் தொலைநோக்கி மட்டுமே இருந்த காலத்தின் தேவை என்கிறார்கள். அன்று துல்லியமான வரைபடம் இல்லை; ஒருவர் கண்டதை இன்னொருவருக்குச் சொல்லப் பெயர் வேண்டியிருந்தது. 2009 முதல் நிலவைச் சுற்றிவரும் எல்ஆர்ஓ விண்கலம் தரையை மீட்டர் கணக்கில் படமெடுத்துத் தந்திருக்கிறது. இனி இடத்தைச் சொல்ல எண் போதும். இரண்டாவதாக, ‘டோர்சம்’ என்ற வகைச்சொல் வடிவத்தை மட்டும் சொல்லும் நடுநிலையான சொல். அதோடு ஓர் ஆளின் பெயரைச் சேர்ப்பதில் அறிவியல் ஒன்றுமில்லை. மூன்றாவதாக, அப்படிச் சேர்க்கப்பட்டவர்களுக்கும் நிலவுக்கும் தொடர்பே இல்லை: 1712இல் இறந்த மார்ட்டின் லிஸ்டர், சிப்பிகளையும் சிலந்திகளையும் ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர். நான்காவதாக, பட்டியலே ஒருதலையானது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் சோவியத் நாடும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டது. அந்தப் பழக்கத்தை நீட்டிப்பதைவிட எண்ணுக்கு மாறிவிடுவதே நேர்மை.

இந்த நான்கில் கடைசியில் சொன்ன குறை உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தலைகீழ். அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். வளர்பிறை சஷ்டியை ஒட்டிய மாலையில் ஒரு சிறு தொலைநோக்கியை நிலவின் பக்கம் திருப்புங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே, மாரே செரெனிடாட்டிஸ் என்ற கருஞ்சமவெளியின் கிழக்குப் பகுதியில், மேலிருந்து கீழாக நெளிந்துபோகும் ஒரு வரி தெரியும். பழைய நோக்கர்கள் அதைப் பாம்பு மேடு என்றார்கள். நான்கைந்து நாள் கழித்துப் பாருங்கள், கண்ணுக்கு அகப்படாது. வெயில் உச்சிக்கு ஏறினால் நிழல் போய்விடும். நிழல் போனால் மேடும் போய்விடும். பௌர்ணமியில் தேடுகிறவருக்கு நிலவில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உயரம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். அகலம் பல கிலோமீட்டர். நீளமோ பத்துக் கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்வரை. சரிவு அவ்வளவு மெதுவானது.

பெரும் மோதல்கள் தோண்டிய படுகைகளைப் பசால்ட் குழம்பு நிரப்பியது. அந்தச் சமவெளிகளில் பெரும்பாலானவை 300 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையவை. அடுக்கடுக்காக ஆறி இறுகிய பாறையின் பாரத்தில் படுகையின் நடு அமிழ்ந்தது, மேல்தளம் நெருக்குண்டது. நிலவும் உள்ளே குளிர்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது. நெருக்கம் தாங்காமல் பாறை உடைந்து ஒரு பாளம் மற்றொன்றின்மேல் ஏற, மேலே இருந்த அடுக்கு மடிந்து புடைத்தது. அந்தப் புடைப்பைத்தான் சர்வதேச வானியல் ஒன்றியம் டோர்சம் என்கிறது; கூட்டமாக இருந்தால் டோர்சா. லத்தீனில் முதுகு என்று பொருள். நிலவில் இந்த வகையில் அதிகாரபூர்வமாகப் பெயர் பெற்றவை நாற்பதை ஒட்டியே வரும். பெயரில்லாதவை அதைப்போல் பல மடங்கு.

1. கோட்டுக்குப் புள்ளியை வைத்து அடையாளம் சொல்ல முடியாது.

பள்ளத்துக்கு விளிம்பு உண்டு, நடு உண்டு. இரண்டு எண்ணும் ஒரு விட்டமும் கொடுத்தால் உலகில் யாரும் அதே பள்ளத்தைத்தான் போய்ச் சேர்வார்கள். மேடு எங்கே தொடங்குகிறது? சமவெளி எப்போது மேடாகிறது என்பதற்கே தெளிவான கோடு கிடையாது. நடுவில் அறுந்துபோய்ச் சற்றுத் தள்ளி மீண்டும் எழுந்தால் அது அதே மேடா, வேறா? இரண்டு மேடுகள் பின்னிக்கொண்டு போனால் ஒன்று என்று எண்ணுவதா, இரண்டு என்று எண்ணுவதா? அட்டவணையில் ஒரு மைய அட்சரேகையும் ஒரு மையத் தீர்க்கரேகையும் இருக்கும். வளைந்து நெளியும் மேட்டின் அந்த ‘மையம்’ மேட்டின்மேலேயே விழவேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்துச் சமவெளியில் விழலாம்.

பாம்பு மேட்டுக்கு நடந்ததைப் பாருங்கள். ஒரே வரியாகப் பார்த்து ஒரே பெயரில் அழைத்த அமைப்பு இன்று வரைபடத்தில் இரண்டு: வடக்கே டோர்சா ஸ்மிர்னோவ், தெற்கே டோர்சா லிஸ்டர். நிலவில் ஒரு கல்கூட நகரவில்லை. ஆனால் இன்று ஒருவர் “இந்த மேட்டின் நீளம் என்ன?” என்று கேட்டால் அவருக்குக் கிடைக்கும் விடை வேறு. நீளம் அற்ப விஷயம் அல்ல. அடியிலுள்ள பிளவு எவ்வளவு நீளத்துக்கு ஒருசேர நகருமோ, அதைப் பொறுத்தே அது தரக்கூடிய நடுக்கத்தின் வலு இருக்கும். இரண்டாகப் பிரித்தது சரியா, ஒன்றாக வைத்திருக்க வேண்டுமா என்பது தரையடியில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிய கேள்வி. பொருள் முதலிலேயே தயாராக இருக்கிறது, பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது என்று சீட்டு வாதம் நம்புகிறது. இங்கே பெயர்தான் பொருளின் எல்லையை வரைகிறது.

கணினி கண்டுபிடித்துக் கொடுக்கும் வரித்துண்டுகளுக்கு எண் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் ஒரு குழுவின் கணினி பன்னிரண்டு துண்டாக வெட்டியதை இன்னொரு குழுவின் கணினி ஏழு துண்டாக வெட்டினால், முதல் குழுவின் ஒன்பதாம் எண் இரண்டாம் குழுவில் எது? இரு தரப்பும் சந்தித்துப் பேச ஒரு பொதுச்சொல் வேண்டும். அதைத்தான் பெயர் என்கிறோம்.

2. எண் மாறாது என்று யார் சொன்னது?

1961வரை நிலவின் கிழக்கு, மேற்கு என்பவை நம் வானத்துத் திசையை வைத்துச் சொல்லப்பட்டவை. மாரே கிரிசியம் மேற்கில் இருப்பதாகப் பழைய நூல்கள் சொல்லும். அந்த ஆண்டு சர்வதேச வானியல் ஒன்றியம், நிலவில் நிற்கும் ஒருவரின் திசைகளைக் கணக்கில் எடுத்து இரண்டையும் மாற்றிப்போட்டது. ஒரே தீர்மானத்தில் நிலவின் கிழக்கெல்லாம் மேற்காகிவிட்டது. மாரே ஓரியன்டாலே என்றால் கீழைக்கடல். இன்று அது இருப்பதோ நிலவின் மேற்கு விளிம்பில். எண்ணையும் திசையையும் மட்டும் நம்பிப் பழைய நூலைப் படிப்பவர் எதிர்ப்பக்கத்தில் போய் நிற்பார். பெயரைப் பிடித்துக்கொண்டவர் சரியான கடலைச் சேர்வார்.

இன்றைக்கும் நிலை முழுவதும் தீர்ந்துவிடவில்லை. நிலவுக்கு இரண்டு ஆயமுறைகள் வழக்கில் இருக்கின்றன. ஒன்று, சராசரியாகப் பூமியை நோக்கும் திசையை வைத்தது; மற்றது, நிலவின் நிறை பரவியிருக்கும் விதத்தை வைத்தது. ஒரே எண்ணை இரு முறையிலும் வைத்துப் பார்த்தால் தரையில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி விழுகிறது. புதிய விண்கலம் ஒவ்வொன்றும் பழைய அளவுகளைத் திருத்துகிறது, திருத்தவும் வேண்டும். எண் என்பது அளவீடு. அளவீடு மாறுவது அறிவியலுக்கு நல்லது. மாறக்கூடிய ஒன்றையே அடையாளமாகவும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் எதைத் திருத்தினோம் என்று சொல்ல வாயில் சொல் இருக்காது.

3. எண் முறையை ஏற்கெனவே நடத்திப் பார்த்தாயிற்று.

இது ஏதோ புதுச் சிந்தனை என்பதுபோல் பேசுகிறார்கள். 1830களில் வில்ஹெல்ம் பீரும் யோஹான் மேட்லரும் நிலவின் பெரும் வரைபடத்தை வெளியிட்டபோது, பெயருள்ள பெரிய பள்ளத்தின் அருகே இருக்கும் சிறு பள்ளங்களுக்கு ரோமன் எழுத்தையும், மேடு குன்றுகளுக்குக் கிரேக்க எழுத்தையும் கொடுத்தார்கள். மேரி பிளாக், கார்ல் முல்லர் ஆகியோர் தொகுத்து 1935இல் வந்த முதல் அதிகாரபூர்வப் பட்டியலும் அந்த முறையைத் தாங்கியே வந்தது. ஆக, மேடுகளுக்கு வெறும் குறி கொடுக்கும் ஏற்பாடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. 1970களில் கிரேக்க எழுத்துகள் கைவிடப்பட்டன. க்ரூய்ட்ஹூய்சன் காமா, க்ரூய்ட்ஹூய்சன் டெல்டா என்று இரண்டு மலைகள் மட்டும் அந்தக் காலத்தின் மிச்சமாக இன்னும் நிற்கின்றன.

குறிக்கும் பெயருக்கும் உள்ள வேறுபாட்டை நம் நாட்டவர்கள் நேரில் கண்டிருக்கிறோம். பாம்பு மேடு கிடக்கும் அதே மாரே செரெனிடாட்டிஸில் பெசல் ஏ என்று ஒரு சிறு பள்ளம் இருந்தது. 1973இல் அதற்கு விக்ரம் சாராபாயின் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய நூற்றாண்டு நிறைவில், 2020 ஆகஸ்டில், சந்திரயான் 2 அந்தப் பள்ளத்தைப் படமெடுத்ததை இஸ்ரோ வெளியிட்டது. பெசல் ஏ பெசல் ஏவாகவே இருந்திருந்தால் அந்தப் படத்தை யார் எடுக்கச் சொல்லியிருப்பார்கள், யார் பார்த்திருப்பார்கள்? பெயர் கவனத்தை இழுக்கிறது. கவனம் கருவியைத் திருப்புகிறது. கருவி தரவைத் தருகிறது. தரவைப் பற்றியே கவலைப்படுகிறேன் என்பவர் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை அலட்சியம் செய்யக் கூடாது.

4. டோர்சம் நடுநிலையான சொல்தான். அந்த நடுநிலை தானாக வந்ததா?

1960களில் இந்த மேடுகளைப் பற்றி இரண்டு கட்சிகள் இருந்தன. தரையின் வெடிப்பு வழியே கசிந்த குழம்பு இறுகியதே மேடு என்றது ஒரு கட்சி. நெருக்கத்தால் தரை மடிந்தது என்றது மற்றது. இரண்டுக்கும் நடுவே நின்று இரண்டையும் கலந்து சொன்னவர்களும் உண்டு. அந்த நிலையில் ‘எரிமலை மேடு’ என்றோ ‘மடிப்பு’ என்றோ வகைப்பெயர் வைத்திருந்தால், வழக்கு முடியும் முன்பே தீர்ப்பெழுதியதாக ஆகியிருக்கும். முதுகு என்ற சொல் எப்படி வந்தது என்பதைப் பற்றி வாயைத் திறக்காது; எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். அதனால்தான் பின்னால் வழக்கு மடிப்பின் பக்கம் தீர்ந்தபோது சொல்லை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. நடுநிலையான சொல்லைக் காட்டி “பார், சொல் முக்கியமில்லை” என்கிறார்கள். சொல் முக்கியம் என்பதை உணர்ந்ததன் விளைவு அந்த நடுநிலை.

சொல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மாரே டிரான்குவிலிட்டாட்டிஸில் ஒரு சாட்சி இருக்கிறது. அங்கே லாமோன்ட் என்ற அமைப்பு பள்ளங்களின் பட்டியலில் இருக்கிறது. போய்ப் பார்த்தால் பள்ளத்தின் சுவர் எதுவும் இல்லை. வளையமாகவும் ஆரக்கால்போலவும் விரியும் தாழ்ந்த மேடுகள்தான் இருக்கின்றன. கீழே பழைய பள்ளம் ஒன்று புதைந்திருக்கலாம் என்பது ஊகம். பள்ளம் என்று பதிந்ததாலேயே அந்த ஊகம் கண்ணால் கண்டதுபோல் மனத்தில் உட்கார்ந்துவிடுகிறது. சீட்டு தவறாக இருக்க முடியாது; எந்தச் சீட்டும் எதற்கும் பொருந்தும். லாமோன்ட் தவறான வகையில் இருக்கிறதா என்று நாம் கேட்க முடிகிறது என்றாலே, பெயர் சீட்டைவிடக் கனமான ஒன்று என்றாகிறது.

தமிழில் எழுதுகிறவனுக்கு இந்தக் கனம் இன்னும் கூடுதலாகத் தெரியும். டோர்சம் என்பதை ‘மலைத்தொடர்’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை எழும், அது பொய். ‘முகடு’ என்றால் உச்சியும் செங்குத்தும் வந்துவிடும். இங்கே இரண்டும் இல்லை. ‘சுருக்கம்’ என்ற சொல் தோலில் விழும் வரியையும் அளவில் குறைவதையும் ஒருசேரச் சொல்வது, அழகான சொல். ஆனால் பாரத்தால் அமிழ்ந்ததை விட்டுவிட்டு நிலவு சுருங்கியதை மட்டும் காரணமாக்கிவிடும். ‘வரப்பு’ என்ற சொல்லின்மேல் எனக்கு ஆசை உண்டு. தாழ்ந்தது, நீண்டது, வளைந்துபோவது, சாய்வெயிலில் எடுப்பாகத் தெரிவது. ஆனால் வரப்பென்றால் மண்ணை வெட்டிப்போட்ட ஒரு கை இருக்கவேண்டும். ஆகவே ‘மேடு’ என்ற வெறுஞ்சொல்லோடு நின்றுகொள்கிறேன். அது குறைவாகச் சொல்கிறது, தவறாகச் சொல்வதில்லை.

5. ஆட்களுக்கும் நிலவுக்கும் தொடர்பில்லை என்பவர்கள் பட்டியலைப் படித்ததில்லை.

நிலவின் மேடுகளுக்குப் பெரும்பாலும் புவியியலாளர்களின் பெயர்களே 1970களில் சூட்டப்பட்டன. ஏன் புவியியலாளர்கள்? பாறை எப்படி மடியும், எப்படி உடையும், ஒன்றின்மேல் ஒன்று எப்படி ஏறும் என்பதை மனிதகுலத்துக்குச் சொல்லித்தந்தவர்கள் அவர்கள்.

மாரே இம்ப்ரியத்தில் டோர்சம் ஹைம் இருக்கிறது. ஆல்பர்ட் ஹைம் சுவிட்சர்லாந்துக்காரர். அங்கே கிளாரஸ் மலைகளில் பழைய பாறை மேலேயும் புதிய பாறை கீழேயும் கிடந்தன. இரண்டு பெரும் மடிப்புகள் எதிரெதிராகக் கவிந்ததால் இப்படி ஆனது என்று ஹைம் பல ஆண்டுகள் வாதிட்டார். ஒரே பாளம் பிளவின் வழியே நெடுந்தூரம் ஏறிவந்திருக்கிறது என்று பிரான்ஸின் மார்செல் பெர்ட்ரான்ட் 1884இல் எழுதினார். பின்னால் ஹைம் தம் கருத்தைக் கைவிட்டு பெர்ட்ரான்டின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். மடிப்பா, பிளவின்மேல் ஏறியதா? நிலவின் மேடுகளைப் பற்றி ஆய்வாளர்கள் கேட்டதும் இதே கேள்விதான். அங்கே கிடைத்த விடை, அடியில் ஏறிய பிளவு, மேலே மடிப்பு. ஒரு கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் போராடி, தவறென்று தெரிந்தபின் ஒப்புக்கொண்ட ஒருவரின் பெயர் அதே கேள்வி கிடக்கும் நிலத்தில் இருப்பதற்கு ‘தொடர்பில்லை’ என்று யார் சொல்வது? ஆல்ப்ஸில் பாறைப்பாளங்கள் ஏறிவந்த கதையை உரக்கச் சொன்ன பியர் டெர்மியேயின் பெயர் மாரே கிரிசியத்து மேடொன்றில் இருக்கிறது.

கிழக்கு விளிம்பருகே டோர்சா டேனா. அமெரிக்கரான ஜேம்ஸ் டுவைட் டேனா, பூமி குளிர்ந்து சுருங்குவதால் மலைகள் எழுந்தன என்ற கொள்கையை 19ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்தியவர்களுள் முக்கியமானவர். 1960களில் கண்டத்தட்டுக் கொள்கை வந்ததும் பூமியைப் பொறுத்தவரை அது வழக்கொழிந்தது. நிலவைப் பொறுத்தவரை? நிலவில் கண்டத்தட்டுகள் இல்லை. அது உண்மையிலேயே குளிர்ந்து சுருங்கியிருக்கிறது. பூமியில் தோற்ற கொள்கை நிலவில் பொருந்துகிறது. அதைச் சொன்னவர் பெயர் நெருக்குண்ட நிலத்தின்மேல் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான பெயரை என்னால் நினைக்க முடியவில்லை.

மாரே செரெனிடாட்டிஸில் டோர்சம் நிக்கோலும் டோர்சா சோர்பியும் இருக்கின்றன. வில்லியம் நிக்கோல் ஒளியைத் தளவிளைவுக்கு உட்படுத்தும் பட்டகத்தை 1828இல் செய்தவர். கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்க்கும் வேலையிலும் முன்னோடி. ஹென்றி சோர்பி அப்படிப்பட்ட சீவல்களை நுண்ணோக்கியில் வைத்துப் பாறையின் வரலாற்றைப் படிக்கக் கற்றுத்தந்தவர். அதே சமவெளியின் கிழக்கோரத்தில் 1972 டிசம்பரில் அப்போலோ 17 இறங்கியது. அங்கிருந்து வந்த கற்களை ஆய்வகங்கள் எப்படிப் பார்த்தன? சீவலாகத் தேய்த்து, தளவிளைவுற்ற ஒளியில், நுண்ணோக்கியில்.

எதிர்த்தரப்பு இளக்காரமாகக் காட்டும் லிஸ்டருக்கே வருகிறேன். மண்ணும் கனிமமும் எங்கெங்கே எப்படி மாறுகின்றன என்பதைக் காட்டும் புதுவகை நிலப்படம் வேண்டும் என்று 1680களிலேயே லண்டன் ராயல் சொசைட்டியிடம் யோசனை சொன்னவர் அவர். புவியியல் வரைபடம் என்ற எண்ணத்தின் முதல் விதைகளுள் அது ஒன்று. பாறையில் கிடைக்கும் சிப்பி வடிவங்கள் உயிரினங்களின் எச்சம் அல்ல என்று அவர் நம்பியது தவறு. அவை உயிரினங்களின் எச்சமே என்று 1670இல் எழுதிய சிசிலி ஓவியர் அகோஸ்தினோ ஷில்லாவின் பெயரும் நிலவின் ஒரு மேட்டில் இருக்கிறது.

எல்லாப் பெயரும் இப்படிப் பொருந்துகிறது என்று சொல்லமாட்டேன். கடலின் நுண்ணுயிர் ஓடுகளை ஆராய்ந்த ஜோசப் குஷ்மனின் பெயர் நீரற்ற நிலவின் மேட்டில் ஏன் இருக்கவேண்டும் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. பொருந்தாத பெயரைப் பொருந்தாதது என்று சொல்ல முடிவதே என் கட்சிக்கு வலு.

6. பட்டியல் ஒருதலையானது என்றால் பட்டியலைத் திருத்துங்கள்.

குறை பெரிது. எகிப்தின் ரியாத் ஹிகாசி போன்ற ஓரிருவரை விட்டால், மேடுகளின் பெயர்ப்பட்டியல் முழுக்க ஐரோப்பிய, அமெரிக்க, சோவியத் ஆண்கள். பெண் புவியியலாளர் ஒருவர்கூட இல்லை. டோர்சா ஈவிங் இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமோன்ட் ஆய்வகத்தை நடத்திய மாரிஸ் ஈவிங் அதற்குத் தகுதியானவர். அதே ஆய்வகத்தில் மேசையருகே உட்கார்ந்து, கப்பலேற அனுமதியில்லாத நிலையில், ஆழ அளவுகளை மட்டும் வைத்து அட்லான்டிக் நடுக்கடல் மேட்டின் நடுவே ஓடும் பிளவுப் பள்ளத்தைக் கண்டுபிடித்தவர் மேரி தார்ப். அவருக்கு நிலவில் ஒரு பள்ளம் கிடைத்திருக்கிறது. மேட்டைப் படித்தவருக்கு மேடு கிடைக்கவில்லை.

தாராஷா நௌஷெர்வான் வாடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். நங்க பர்வதத்தைச் சுற்றி இமயமலைத் தொடர் ஏன் அப்படிக் கூர்மையாக வளைகிறது என்பதை 1931இல் விளக்கியவர், 1938இல் இலங்கை அரசின் கனிமவியலாளராகப் பொறுப்பேற்று அந்தத் தீவின் நில அடுக்கையும் படித்தவர், 1969இல் மறைந்தார். நெருக்குண்ட பாறை எப்படி வளையும் என்று கேட்டவரின் பெயர் எந்த டோர்சத்திலும் இல்லை. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெயர் சீட்டுதான் என்றால் இந்த வருத்தத்துக்குப் பொருளே இல்லை. இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்ற கேள்வியே எழக்கூடாது. எதிர்த்தரப்பு ஒருபக்கம் பெயரால் எதுவும் இல்லை என்கிறது, மறுபக்கம் பெயர்ப்பட்டியலில் அநீதி என்கிறது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது.

பெயர் சூட்டினால் நாடுகள் உரிமை கொண்டாடும் என்ற அச்சத்துக்கும் இதுதான் விடை. நிலவை எந்த நாடும் தனதாக்க முடியாது என்று 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை சொல்கிறது. பெயர் அதை மாற்றாது. சந்திரயான் 3 இறங்கிய இடத்துக்குச் சிவசக்தி என்ற பெயர் 2023 ஆகஸ்ட் 26 அன்று அறிவிக்கப்பட்டது. வானியல் ஒன்றியம் 2024 மார்ச் 19 அன்று ஏற்றது. நாடு அறிவித்தாலும் பொதுமன்றம் ஏற்கவேண்டும் என்ற அந்த ஒழுங்குதான் பாதுகாப்பு. பெயரால் ஒன்றுமில்லை என்று அறிவியலாளர்கள் ஒதுங்கிக்கொண்டால் பெயர் சூட்டுவது நிற்காது. பெயரில் எல்லாம் இருக்கிறது என்று நினைப்பவர்கள் மட்டும் அந்த அறையில் மிஞ்சுவார்கள்.

7. இந்த மேடுகள் செத்துப்போனவை அல்ல.

சீட்டு வாதத்தின் அடியில் சொல்லாத ஓர் எண்ணம் இருக்கிறது: 300 கோடி ஆண்டுப் பழையது, அசையாதது, அதற்கு என்ன அவசரம்? இந்த எண்ணமும் இன்று நிற்காது. அப்போலோ வீரர்கள் வைத்துவந்த நிலநடுக்கமானிகள், ஈவிங்கும் பங்குகொண்ட குழு உருவாக்கியவை, 1969 முதல் 1977வரை நிலவின் மேலோட்டில் 28 ஆழமற்ற நடுக்கங்களைப் பதிந்தன. அவற்றில் எட்டு நடுக்கங்கள், நெருக்கத்தால் உண்டான இளம் பிளவுச்சரிவுகளிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் நிகழ்ந்திருக்கலாம் என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு மாரே ஃப்ரிகோரிஸின் மேடுகளில் புவியியல் கணக்கில் மிக இளையவை இருப்பதாக இன்னோர் ஆய்வு சொன்னது. 2020இல் வேறொரு குழு, முன்பக்கத்து மேடுகள் பலவற்றின் உச்சியில் தூசி மூடாத பாறைகள் வெளித்தெரிவதைக் கண்டது. நிலவில் விண்கற்கள் ஓயாமல் பாறையைப் பொடித்துத் தூசியாக்குகின்றன. மூடாமல் கிடக்கும் பாறை, அடியில் ஏதோ நகர்ந்து தூசியை உதிர்த்துக்கொண்டிருக்கிறது என்பதன் அறிகுறி.

நிலவில் மனிதர்கள் தங்கப்போகிறார்கள் என்றால் இந்தக் கோடுகளின் அருகே எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்ற பேச்சு வந்தே தீரும். அந்தப் பேச்சில் ஈடுபடுகிறவர்கள் பொறியாளர்கள் மட்டுமாக இருக்கமாட்டார்கள். பணம் ஒதுக்குபவர்கள், அனுமதி தருபவர்கள், அங்கே போகிறவர்களின் குடும்பத்தார் எல்லாரும் இருப்பார்கள். பெயரில்லாத ஆபத்தைப் பற்றி இத்தனை பேர் கூடிப் பேச முடியாது. தேவை ஏற்பட்டால் மட்டுமே பெயர் சூட்டவேண்டும் என்பது வானியல் ஒன்றியத்தின் விதி, நல்ல விதி. பாறை வெளித்தெரியும் மேடுகளுக்கு அந்தத் தேவை வந்துவிட்டது. அவற்றிலிருந்து தொடங்கலாம், அவற்றில் ஒன்று வாடியாவுக்கு.

அப்போலோ 17இன் செர்னனும் ஷ்மிட்டும் டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் ஒரு பிளவுச்சரிவின்மேல் வண்டியை ஏற்றினார்கள். 80 மீட்டர் அளவு உயரம். மேடுகளை உண்டாக்கிய அதே நெருக்கம் பெற்ற இன்னொரு பிள்ளை அந்தச் சரிவு. பூமிக்கு வெளியே மனிதன் கால்வைத்த ஒரே பிளவுச்சரிவு அதுதான். புறப்படும் முன்பே அதற்கு லீ-லிங்கன் என்று பெயர் வைத்திருந்தார்கள். கனத்த கையுறையோடு வண்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, மூன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களிடம் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை அவர்கள் அந்தப் பெயரை வைத்துத்தான் சொன்னார்கள்.